ராக்கெட் மாமாவின் டர்போ

"மேட்டுல ஆட்டோகூட எங்களை முந்துது. வீட்டு மானமே போகுது!" என்று மெக்கானிக் கடையில் கத்தினான் ராக்கெட் மாமாவின் மச்சினன்.

காரைப் பறக்கவிடுவதால் தெருவே ராக்கெட் மாமா என்று அழைக்கும் அதன் சொந்தக்காரர், அவன் பின்னால் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் காற்றுக் குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார். ஓர் இணைப்பில் புகை குபுகுபுவென்று கசிந்தது.

"டர்போ நல்லாத்தான் இருக்கு சார். அது தள்ளுற காத்து எஞ்சினுக்குப் போகாம இங்கேயே ஓடிடுது. குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் லூசு. ஆனா தானா லூசாகல, யாரோ திருகியிருக்காங்க."

"யாரோவா? போன மாசம் சர்வீஸ் பண்ணது நீதானே! இனி ஒருத்தனும் உன் கடைக்கு வண்டி விடாம பண்றேன் பாரு," என்று பாய்ந்தான் மச்சினன்.

மெக்கானிக்கின் முகம் செத்துப்போனது. "நான் டைட் பண்ணித்தான் சார் குடுத்தேன்..."

"அவரை விடுடா," என்றார் மாமா. "லூசாக்கினது நான்தான்."

"நீங்களா?"

"சர்வீஸ் முடிஞ்ச மறுநாள், பந்து பின்னாடி ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்துடுச்சு. ஒரு முழம் தள்ளி வண்டி நின்னுச்சு. அதுலேர்ந்து கால் ஆக்சிலரேட்டரை அமுக்க மாட்டேங்குது. பயம்னு சொல்ல வெக்கம். வண்டியே இழுக்காத மாதிரி கிளாம்ப்பை லூசாக்கி, பழியை வண்டி மேல போட்டேன்."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "இப்ப டைட் பண்ணவா, வேண்டாமா?"

மச்சினன் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லூசாவே இருக்கட்டும்ணே. இத்தனை வருஷம் இவர் ஓட்டுறப்ப பக்கத்து சீட்ல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வந்தவன் நான்."