கைடில் இல்லாத வாக்கியம்

பதினொன்றாம் வகுப்புக்கு வாரம் பத்துக் கடினமான ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கைடைப் பார்த்து எழுதினால் முட்டை. சிறந்த வாக்கியத்தை எழுதியவர் எழுந்து நிற்க, ஜெசிந்தா மிஸ் அதை உரக்க வாசிப்பார்.

இந்த வாரம் ‘எஸ்ட்ரேஞ்டு’ வந்தது. உறவாக இருந்தும் விலகிப்போனவர்கள் என்று மிஸ் பொருள் சொன்னார். சுகிர்தா யோசிக்கவே இல்லை. அப்பாவும் அம்மாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, சாப்பாடு தயார் என்பதைக்கூட நான்தான் போய்ச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மிஸ் அவளுடைய தாளை எடுத்தார்.

“இப்படி யாருமே எழுதினதில்ல. சுகிர்தா, எந்திரி.”

“அடிப்பாவி, நீயா! ட்ரீட் வெக்கணும்டி” என்று பக்கத்தில் இருந்த பிரவீணா இடித்தாள்.

சுகிர்தா எழுந்தாள். “கைடப் பாத்து எழுதினது, மிஸ்.”

வகுப்பே சிரித்தது.

“எந்தக் கைடு?”

“பழைய கைடு, மிஸ். வாசிக்காதீங்க. முட்டையே போட்டுடுங்க.”

மிஸ் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவால் மெதுவாக ஒரு முட்டை போட்டார். தாள்கள் எப்போதும் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறித்தான் போகும். அதை மட்டும் நான்காக மடித்து, நடந்துவந்து அவள் கையில் கொடுத்தார்.