இழுக்கும், நிற்காது

பெரிய டீசல் வண்டியின் உறுமல் கேட்டதும் டார்லீன் பழக்கதோஷத்தில் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இடுக்கு வழியாகப் பார்த்தாள். சிவப்பு பிக்கப் இல்லை, தீயணைப்புக்காரர்களின் தண்ணீர் லாரி.

சிவப்பு பிக்கப் என்றால் வெர்னன், அவள் புருஷன் ரஸ்ஸுக்கு அண்ணன். அவர்கள் அப்பா செத்த மறுவாரமே அவருடைய டிரெய்லர் வீட்டை ஒரு வாடகை வண்டியில் மாட்டி, அண்ணனிடம் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டவன் ரஸ். கண்ணில் பட்டால் விட மாட்டேன் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறானாம்.

டார்லீன் அந்த ஆளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கல்யாணமாகி இந்த ஓரிகான் மலை முகாமுக்கு வந்த நாள் முதல் அவனை நினைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள், படுக்கிறாள். அவளுக்கும் ரஸ்ஸுக்கும் இருக்கிற ஒரே கூரை அந்த டிரெய்லர்தான்.

இன்றைக்குப் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மேற்கே காடு எரிந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும் என்று போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இறங்க ஒரே சாலை, வழியெல்லாம் சரிவும் வளைவும். வீட்டுக்குச் சக்கரம் இருந்தது, இழுக்க வண்டி இல்லை.

பக்கத்து மனைக்காரர் ஹோபர்ட் தன் குடும்ப ஜீப்பைப் பின்பக்கமாக ஓட்டி வந்து நிறுத்தினார். "மாட்டு தம்பி. ஏழாயிரம் பவுண்டு இழுக்கும்னு கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்த வண்டி."

ரஸ் டிரெய்லரின் முன்தண்டை மெதுவாக ஜீப்பின் கொக்கிக் குண்டில் இறக்கினான். ஜீப்பின் பின்பக்கம் அப்படியே தாழ்ந்தது. முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

"நாய் குந்துற மாதிரி குந்துதே," என்றாள் டார்லீன்.

"கழட்டிடலாங்க," என்றான் ரஸ். "முன்சக்கரம் தரையில ஒட்டல. ஸ்டீயரிங் நம்ம பேச்சைக் கேக்காது."

"இழுக்கும்டா."

"இழுக்கும். எறக்கத்துல நிக்காது. வளைவுல இது வாலாட்ட ஆரம்பிச்சா உங்களையும் சேத்து ஆத்துல கொண்டு போய்ப் போட்டுடும்."

ஹோபர்ட்டுக்குக் கோபம் வந்தது. "அப்ப இதை விட்டுட்டு ஏறுங்க. ஒரு தகரப் பெட்டிக்காக வெந்து சாவீங்களா?"

"உங்களுக்குத் தகரப் பெட்டி," என்றாள் டார்லீன். "எங்களுக்கு வீடு."

அவர் ஜீப்பைக் கழற்றிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பிப் போனார். முகாமில் இருந்த நல்ல வண்டிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் அவரவர் வீடே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போயின.

ரஸ் முகாம் கடைக்குப் போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தான். போனபோது இருந்த முகம் வந்தபோது இல்லை.

"ஒருத்தர் வர்றார்."

"யாரு?"

"வண்டி சரியா இருக்கும்."

"வண்டி இருக்கட்டும், ஆளு யாரு?"

"வண்டி சரியா இருக்கும்னு சொன்னேன்ல."

அவள் தட்டுகளைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் அடுக்கினாள். வெளியே சாம்பல் உதிர்ந்தது. சூரியன் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு செம்பொட்டு. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். முகாமில் அவர்களைத் தவிர யாருமில்லை.

கடைசியில் அந்த வண்டி வந்தது. பின்னால் இரட்டைச் சக்கரம், நீண்ட உடம்பு. மேலிருந்து கீழ்வரை சாம்பல் அப்பியிருந்ததில் என்ன நிறமென்றே தெரியவில்லை. ஓட்டி வந்தவர் கண்ணுக்குக் கீழே கைக்குட்டை கட்டியிருந்தார்.

எவ்வளவு கனம், எந்த அளவுக் கொக்கிக் குண்டு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே மூச்சில் பின்பக்கமாக வந்து தண்டுக்கு நேராக நிறுத்தினார். அந்தக் கொக்கிப் பூட்டு எப்போதும் சண்டித்தனம் பண்ணும், ரஸ்ஸே சுத்தியல் இல்லாமல் மூட மாட்டான். இவர் முழங்காலால் தண்டைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். விழுந்துவிட்டது. வண்டி லேசாகத்தான் தாழ்ந்தது.

"ஏறுங்க," என்றார்.

ரஸ் முன்னால் உட்கார்ந்தான், டார்லீன் பின்னால். சரிவில் எஞ்சின் முனகிக்கொண்டே வேகத்தைப் பிடித்து வைத்தது. வளைவுக்கு வளைவு டிரெய்லர் அலுங்காமல் கூடவே வந்தது. ஓரிடத்தில் மேட்டின் மேல் நெருப்பு தெரிந்தது. ரஸ் எதிர்க்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாலம் தாண்டியதும் காற்று தெளிந்தது. போலீஸ்காரர் கையசைத்து அனுப்பினார். டார்லீன் அன்றைக்கு முதல் தடவையாக முதுகைச் சாய்த்தாள். பிறகு முன்னால் குனிந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னும் ஒரே ஒரு உதவி."

"சொல்லும்மா."

"எங்களை எங்க கொண்டு விட்டீங்கன்னு யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க. என் வீட்டுக்காரரோட அண்ணன் ஒருத்தன் இந்த வீட்டைப் பிடுங்கத் தேடிட்டு அலையறான். ஈவிரக்கம் இல்லாத ஆளாம்."

ரஸ் இருமினான்.

ஓட்டியவர் கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டுக் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ரஸ்ஸின் அதே மூக்கு.

"அவன்கிட்ட யாரும் சொல்ல வேண்டியதில்லம்மா. அவன்தான் ஓட்டிட்டிருக்கான்."