இரண்டாவது மோட்டார் சைக்கிள்

ஜெர்மனியின் ஹம் நகரில் எந்தப் படிவத்திலும் எழுதுவதுபோல, வியட்நாமின் சைகோனை மோட்டார் சைக்கிளில் சுற்றிப்பார்க்கப் பதிவு செய்தபோதும் ஆதிரை குடும்பப் பெயருக்கு அப்பாவின் பெயரையே எழுதினாள்: கணேசலிங்கம். சுற்றிப்பார்க்கும் நாளன்று காலை விடுதி வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. தான் ஒரு ஆள்தான் என்று சொல்லி ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

ஜெர்மனிக்குத் திரும்பிய மறுநாள் மத்தியானம், சாப்பிடும்போது இதைச் சொன்னாள். அம்மா புஷ்பராணி சிரித்துவிட்டாள்.

"அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தனீ எண்டு நினைச்சிட்டாங்கள் போல. மனுசன் மோசம் போய் நாலு வருசம்."

அவர் இறந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு மாறியிருந்தார்கள்.

அப்போது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. அவள் திருப்பி அனுப்பிய அந்த இரண்டாவது ஓட்டுநர் எழுதியிருந்தார். ஆதிரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"உங்கள் பின்னாலேயே போகச் சொன்னார் அப்பா. சந்தை, தபால் நிலையம், ஆற்றங்கரை எல்லாம் பார்த்தார். பிறகு விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். உங்கள் புது வீடு அவருக்குத் தெரியவில்லை. படிவத்தில் இருந்த முகவரியை எழுதிக் கொடுத்தேன்."

புஷ்பராணியின் கை சோற்றிலேயே நின்றது.

"பிள்ளை, கீழ வாசல் பெல்லில கிடக்கிறதும் அப்பான்ர பேர்தானே?"