பதினோரு கால் கழுவிய தண்ணீர்

அவள் சேலையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தாள்.

பெரிய வியாழன் பூசை. இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைக்கும் நாள். பீடத்துக்கு முன்னால், பன்னிரண்டு சீடர்களுக்காகப் பன்னிரண்டு நாற்காலிகள். பதினொன்றில் மேலத்தெரு ஆண்கள்.

கடைசியில் அவள். காலனியிலிருந்து இந்த வரிசையில் உட்காரும் முதல் ஆள்.

சாமியார் முழங்காலிட்டு ஒவ்வொருவரின் வலது பாதத்தையும் கழுவி, துடைத்து, முத்தமிட்டு நகர்ந்து வந்தார். பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை தொம்மை பித்தளைத் தாம்பாளத்தைக் கூடவே நகர்த்தினார்.

பக்கத்து நாற்காலியில் பங்குப் பேரவைத் தலைவர். அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

“பன்னெண்டாவது எடம் யாருதுன்னு தெரியும்ல? யூதாசோடது.”

அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

அவளுக்குக் கோபம் வரவில்லை.

காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் யூதாசின் பாதத்தை இயேசு கழுவினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலனிப் பெண்கள் நான்கு வருடம் ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் அதே பாயில் உட்கார்ந்து, இந்த வரிசையில் ஓர் இடம் கேட்டு ஆயருக்கு மனு எழுதினார்கள். போன வருடம் இதே நாளில், கோயில் வாசலில், சுடுகிற சிமெண்டில் மண்டியிட்டார்கள்.

அருவருப்பு வேறொன்றின் மேல்.

இன்று விடிந்ததும் அவள் தன் வலது பாதத்தைத் தேங்காய்நாரால் தேய்த்தாள். மூன்று முறை. குதிகாலில் ரத்தம் கசியும்வரை.

யார் கேட்டார்கள்?

தேய்த்ததும் மனு எழுதிய அதே கைதான்.

பதினோராவது பாதத்தோடு தாம்பாளம் நின்றது.

தொம்மை அதை ஓரமாகத் தள்ளினார். பக்க அறைக்குப் போய் ஒரு நீல பிளாஸ்டிக் பேசினோடு வந்தார். தாம்பாளம் நிறைந்துவிட்டதாக சாமியாரின் காதில் சொன்னார்.

அது பாதிகூட நிறையவில்லை.

பேசின் புதிது. விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

சாமியார் பேசினைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தார்.

கடைசித் தூண்களுக்கு அருகே காலனி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து பேசின் தெரியாது. அவள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். சும்மா இருந்தால் போதும். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

சாம்பல் நிறத் தண்ணீர். சுருண்டு மிதக்கும் ஒரு முடி. யாருடைய நகத்திலிருந்தோ கழன்ற கறுப்பு. வியர்வை வாடை.

 சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

காலை நீட்டி அதற்குள் வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. விரலிடுக்கில் பிசுபிசுத்தது. குதிகால் எரிந்தது.

பங்குப் பேரவைத் தலைவர் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“இதுலயே கழுவுங்க சாமி” என்றாள் அவள்.

பாட்டு முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று தெரியாமல் பாடகர் குழு நின்றது. தொம்மை எங்கேயோ பார்த்தார்.

சாமியார் இன்னும் காலிப் பேசினுக்கு முன்னால்தான் முழங்காலிட்டிருந்தார். தாம்பாளத்துக்கு ஒரு முழ தூரம் இருக்கும்.

அவர் ஒரு முழங்காலைத் தரையிலிருந்து எடுத்தார்.

எழுந்து போவதானாலும், அவள் பக்கம் நகர்ந்து வருவதானாலும் முதலில் அப்படித்தான் செய்ய வேண்டும்.