மேல் தண்ணீர்

பார்வதம்மா நீட்டிய தண்ணீர்ச் செம்பு நீட்டியபடியே நின்றது.

சின்னசாமி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வாணாம்மா. நீங்க குடிங்க."

"தாகமா கீதுன்னு மூஞ்சியே சொல்லுதே அண்ணே."

"வாணாம்."

அவ்வளவுதான். முண்டாசை இறுக்கிக்கொண்டு மலைப்பாதையில் முன்னால் ஏறத் தொடங்கிவிட்டார்.

பார்வதம்மாவின் தம்பி வேலு செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, அவர் காதில் விழும்படி கொப்பளித்துத் துப்பினான். "நம்ம செம்புல வாய் வெச்சா பெரிய மனுசனுக்குச் சாதி போயிடும்க்கா. இதுகூட உனுக்குத் தெரியல."

அவளுக்கு இருந்த கவலை வேறு. தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பாறை விழுந்து அவள் புருஷன் முனியப்பனின் இடுப்பு நசுங்கிவிட்டதாக ஊருக்கு ஆள் வந்து சொல்லியிருந்தான். உயிர் இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்றுதான் தெரியவில்லை என்றான் வந்தவன்.

தங்கவயலுக்கு ரயில் உண்டு. ஆனால் அது பிளேக் வருஷம். ரயிலில் வருகிறவர்களை இறக்கிக் கேம்பில் அடைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே விடுவார்கள். அதுவரை முனியப்பன் காத்திருப்பான் என்று யார் சொல்ல முடியும்?

காட்டுவழி தெரிந்தவர் என்று மலையடிவாரச் சத்திரத்தில் யாரோ கைகாட்டிய ஆள்தான் சின்னசாமி. அதே தங்கவயலில், ஊரிகத்தில் சுரங்க வேலை பார்த்தவராம். முதலில் முடியாது என்றார். அவள் அழுததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வரேன். ஆனா நீங்க எட்டத்துலயே வரணும். நான் கூப்பிட்டா கேக்கற தூரம் போதும்" என்றார்.

எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. எட்ட நில் என்று சொல்கிறவர்களை வேலு பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறான்; கேட்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தான்.

நெடுவழி நடக்க மூன்று பேர் இருந்தால் சௌகரியம். பேசுவதற்கு இருவர், பேசப்படுவதற்கு ஒருவர். வேலுவுக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கொடுத்த களியைச் சின்னசாமி வாங்கவில்லை. தூறலுக்கு மண்டபத்தில் ஒதுங்கியபோது உள்ளே வராமல் புளியமரத்தடியில் நனைந்துகொண்டே சுருண்டு கிடந்தார். அதற்கும் வேலுவிடம் ஒரு வியாக்கியானம் இருந்தது.

"கேஜுக் கூண்டுல சுரங்கத்துக்குள்ள இறங்கறப்போ இந்தாளு இன்னா செய்வாரு? சாதிக்கு ஒரு கேஜா வுடறான் வெள்ளக்காரன்? எல்லாரும் ஒருத்தன்மேல ஒருத்தன் ஒட்டிக்கினுதான் போவணும். காட்டுக்கு வந்தாத்தான் ஆசாரம்."

"வாய மூட்றா. வழி காட்றாரு இல்ல?" என்று அடக்கினாள் பார்வதம்மா. அப்போதும் அவள் அவர் பக்கம்தான்.

பாறைச் சரிவில் அவள் கால் இடறி உருண்டபோதுதான் அது மாறியது.

முன்னால் போனவர் ஓடி வந்தார். கைநீட்டும் தூரத்துக்கு வந்தவர் சட்டென்று நின்றார். கையிலிருந்த கம்பை அவளை நோக்கித் தரையில் போட்டார்.

"புடிச்சிக்கினு எழுந்திரும்மா."

முழங்காலில் ரத்தம் வழிய அவள் அந்தக் கம்பைப் பார்த்தாள். தொடாமலே தானாக எழுந்தாள். அதற்குப் பிறகு வேலு பேசியபோது அவள் அடக்கவில்லை.

மலை முடிந்து சமவெளி வந்த இடத்தில் ஓர் ஓடை குறுக்கிட்டது. சின்னசாமி கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பார்வதம்மாவின் ஊரிலும் ஓர் ஓடை உண்டு. அதில் மேல் தண்ணீர் மேல்சாதிக்கு. அவர்கள் குளித்து, துவைத்து மிஞ்சியது கீழே இவர்களுக்கு. பார்வதம்மா ஒருநாளும் மேல் தண்ணீரில் கால் நனைத்தவள் இல்லை.

வேலு சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகத்தான் போனாள். சின்னசாமியைச் சுற்றிக்கொண்டு மேலே போய், சேலையைத் தூக்கிச் செருகி, ஓடையில் இரண்டு காலையும் வைத்தாள். முழங்கால் ரத்தத்தைக் கழுவினாள். வாய் கொப்பளித்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். பிறகு எழுந்து, ஓடையோடு இன்னும் கீழே இறங்கிப் போய், குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்.

வேலு தொடையைத் தட்டிச் சிரித்தான். சேதி வந்த நாளிலிருந்து சிரிக்காத பார்வதம்மாவும் சிரித்தாள்.

"அந்த மேடு ஏறினா சாம்பியன் ரீப்ஸ் சிமினி தெரியும். நேரா போங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் சின்னசாமி. "நான் இத்தோட நின்னுக்கறேன்."

"இன்னாத்துக்கு? எங்களோட ஊருக்குள்ள வந்தா கௌரவம் கொறஞ்சிடுமா?" என்றான் வேலு.

சின்னசாமி இடது கையை மெல்லத் தூக்கினார். அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி.

வேலு தன்னையறியாமல் பின்வாங்கினான்.

"எங்க வூட்ல அவ சாவக் கெடக்கறான்னு சேதி கேட்டு இங்கேர்ந்து ஓடனேன். ரயில்லேர்ந்து எறக்கிக் கேம்புல வெச்சிட்டாங்க. வுட்டப்போ அவளப் பொதச்சி முடிஞ்சிருந்திச்சு. உனுக்கும் அப்டி ஆவக் கூடாதுன்னுதான் இட்டாந்தேன். கேம்புல இருந்தவனாச்சே, அந்த நோவு ஒட்டிக்கினு இருக்குமோன்னு ஒரு சந்தேகம். அதான் எட்டத்துல வரச் சொன்னேன். கட்டி இன்னிக்குத்தான் வந்திச்சு."

பார்வதம்மா ஓடையிலிருந்து அவரை நோக்கி ஓடினாள். வர வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அதே கையை இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"நீ எனுக்கு மேல போயி நின்னப்பவே புரிஞ்சிக்கினேன்மா, உனுக்கு விசயம் தெரிஞ்சிபோச்சுன்னு. கூச்சல் போடாம, என் மனசு நோவாம ஒதுங்கிப் போனியே, அந்த நல்ல மனசுக்கு உன் புருசன் பொழச்சிக்குவான்."