அமல்ராஜுக்கு வந்த ஆறு எண்

அமல்ராஜின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதுதான், அவன் பெயரில் ஷர்லியின் போனுக்குச் செய்தி வந்தது.

அமல்ராஜின் மருத்துவக் குறிப்புகளைத் திறக்க ஆறு இலக்க எண். பத்து நிமிடம்தான் செல்லும்.

கல்லறைத் திருநாள். மீமிசல் கடற்காற்றில் சாமந்தியும் சுண்ணாம்பும் கலந்து மணத்தன. அமல்ராஜின் மனைவி சந்தனமேரி பக்கத்தில் குனிந்து சிலுவையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே உடல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய வள்ளம் மட்டும் ஆளில்லாமல் மிதந்து வந்தது. ஒரு சட்டையை வைத்துப் புதைத்தார்கள்.

அண்ணன் மூழ்கியதை நேரில் பார்த்ததிலிருந்து அமல்ராஜுக்கு அலைச் சத்தம் கேட்டாலே நடுக்கம். தெருவே கேலி செய்யும். அவனே கடலில் போய்விட்டான் என்றதும், கேலி செய்தவர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

ஷர்லி அந்தத் தெருவின் சுகாதாரத் தன்னார்வலர். நாட்டில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய சீட்டெல்லாம் தெரியும்படி ஆளுக்கொரு எண் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

அவரவர் போன் நம்பரைத்தான் பதிய வேண்டும். இந்தத் தெரு ஆண்களின் போனோ மாதம் ஒருமுறை கடலில் விழும். சலித்துப்போய் எல்லோருக்கும் தன் நம்பரையே போட்டுவிட்டாள். பாதித் தெருவின் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அவள் போனில்தான் வந்து இறங்கும்.

இப்போது செத்தவனும் வந்திருக்கிறான்.

கல்லறைகள் வள்ளங்களைப் போல மெல்ல ஆடுவதாக அவளுக்குத் தோன்றியது.

போன் அடித்தது. கையெல்லாம் சுண்ணாம்பு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

திருப்பூரில் ஏதோ ஆஸ்பத்திரி. நோயாளி கடும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடப்பதாகவும், அவர் பையிலிருந்த அட்டையில் இந்த நம்பர் எழுதியிருப்பதாகவும் ஒரு பெண் சொன்னாள். வந்த எண்ணை உடனே சொல்லச் சொன்னாள்.



சந்தனமேரி போனை வாங்கினாள். செய்தியைத் தேடி, ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அவருக்குப் பென்சிலின் ஒத்துக்காதுங்க, மூச்சு முட்டிரும். அத மொதல்ல எழுதிக்கங்க."

வைத்துவிட்டாள். இவர் எப்படி அங்கே வந்தார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகையை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

சந்தனமேரி ஷர்லியின் பக்கம் திரும்பினாள்.

"வள்ளத்த அவுத்து விட்டுட்டு, அவரப் பஸ் ஏத்திவிட்டதே நாந்தாங்க்கா. பயந்து ஓடிட்டாருன்னு இந்தத் தெரு சிரிக்கிறதுக்கு, செத்துட்டாருன்னு அழட்டும்னு விட்டுட்டேன்."

தெருப் பெண்கள் பூவோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சந்தனமேரி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள்.

ஷர்லி இரண்டு கையையும் குவித்து, அது அணையாமல் மறைத்துக்கொண்டாள்.