மதிலுக்கு மேலே தாடி

கருங்கல் ஊர்ச் சந்தையின் இரைச்சல் மாடி ஜன்னல்வரை ஏறி வருகிறது. ஜெபகனியின் காதில் எதுவும் விழவில்லை. கணினியில் ஒரு பழைய பிரெஞ்சுக் கடற்கரைக் கோட்டையின் விவரம் திறந்திருக்கிறது. அவள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பதை வைத்துத்தான் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் போகிறார்கள். ‘பீரங்கிகள் பார்பெத்தில்’ என்கிறது பிரெஞ்சு. பார்பெத் என்றால் சின்னத் தாடி என்கிறது அகராதி. பீரங்கிக்கு ஏது தாடி? கோட்டைக்குப் படம் வரைகிற பிபின் ஃபோனில் பரபரக்கிறான்: “அக்கா, பீரங்கிக் குழல் நீட்ட மதில்ல ஓட்ட விடணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க.” அப்போதுதான் கீழேயிருந்து, “ஏட்டி ஜெபகனி!” என்று ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பிந்து மதிலுக்கு அந்தப்புறம் எக்கி நிற்கிறாள். வெயிலில் சிவந்த முகமும், சக்கை எனும் பலாச் சுளைகள் மினுங்கும் தட்டை நீட்டிய கையும் மட்டும் மேலே தெரிகின்றன. “வேகம் வந்து வாங்குட்டி. மதில்ல உரசித் தாடி எரியுது.” இந்த ஊரில் மோவாய்க்கும் தாடி என்றுதான் பேர். ஜெபகனி சட்டென்று திரும்பிக் கோட்டையின் பழைய படத்தைப் பெரிதாக்குகிறாள். அங்கேயும் பீரங்கிகள் மதில் விளிம்பில் மோவாயை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவள் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்து விழுகிறது. “ஓட்ட வேண்டாம் பிபினே! தாடி உயரத்துக்கு மதில் போதும். மேல எட்டிப் பாத்தே சுடட்டும்!” ஜன்னலைத் தாண்டிப் போகிறது அந்தக் கத்தல். பிந்துவின் முகம் மதிலுக்குக் கீழே மறைகிறது. தட்டு மட்டும் மேலே தெரிகிறது. “சக்க தர வந்தவள எதுக்குட்டி சுடச் சொல்லுத?”